தீப்பெட்டி ஒட்டிய கைகள்

குடும்ப வரலாறு சொல்வதில் நம் வீடுகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. திருமணப் பேச்சு நடக்கும் கூடத்திலோ, பெருநாளன்று உறவினர் ஒன்று கூடும் முற்றத்திலோ, வயதில் மூத்த ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார். அரபு நாட்டிலிருந்து மரக்கலம் ஏறி வந்த வணிகர் ஒருவர் முதலில் வருவார். அவர் காயலிலோ கீழக்கரையிலோ கரை இறங்குவார். அடுத்துக் குதிரை வணிகம் வரும். பாண்டிய மன்னரின் படை வரும். மார்க்க மேதை ஒருவரும் தவறாமல் வருவார். பின்னர் கதை ஏழெட்டுத் தலைமுறைகளை ஒரே தாவலில் தாண்டி, அண்மையில் கடை வைத்துப் பொருளீட்டிய பாட்டனாரிடம் வந்து நிற்கும்.

இடையில் இருந்தவர்கள் யார்? மூட்டை சுமந்தவர்கள், தறி நெய்தவர்கள், தோல் பதனிட்டவர்கள், பிறர் கடையில் கணக்கெழுதியவர்கள், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கூலிக்கு வேலை செய்த பெண்கள். அவர்களைப் பற்றிய பேச்சு எழுவதே இல்லை. மறதி ஒரு காரணம். வெட்கம் மற்றொரு காரணம். இரண்டில் பெரியது வெட்கமே என்பது என் துணிபு.

என் குடும்பமும் இதற்கு விலக்கன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் சிலர் சேர்ந்து, குடும்பக் கொடிவழி ஒன்றை அச்சிட எண்ணி எழுதத் தொடங்கினோம். என் தாயாரின் அன்னையாகிய நன்னியின் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. ‘இல்லத்தரசி என்று போடுங்கள்’ என்றார் ஒருவர். அறையின் மூலையில் அமர்ந்திருந்த என் சின்னம்மா, எண்பதைக் கடந்தவர், மெல்லச் சொன்னார்: ‘அம்மா பெட்டி ஒட்டித்தானே எங்களை வளர்த்தது?’ அறையில் சற்று நேரம் பேச்சில்லை. ‘அதெல்லாம் இப்போது எதற்கு?’ என்று பேச்சை மாற்றினார்கள்.

‘அதெல்லாம் இப்போது எதற்கு’ என்ற அந்தக் கேள்விக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

இலண்டனில் ஒரு கொள்ளுப்பேத்தி

விடை தேடிய வழியில் எனக்கு முதலில் கிடைத்தது, கடல் கடந்த நாட்டிலிருந்து வந்த ஒரு செய்தி. அதுவும் தீப்பெட்டியைப் பற்றியதே.

விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில், கிழக்கு இலண்டனின் போ என்னும் பகுதியில், பிரையன்ட் அண்டு மே என்ற பெரிய தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் சிறுமியருமே. கூலி குறைவு. பேசினால் தண்டம், தாமதமாக வந்தால் தண்டம், தரையில் குச்சி சிதறினால் தண்டம். குச்சியின் முனையில் சேர்க்கப்பட்ட வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அரித்து உயிரையே பறிக்கும் கொடிய நோயை உண்டாக்கியது. 1888ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், இந்நிலையை அம்பலப்படுத்தி ஒரு பெண்மணி கட்டுரை எழுதினார். அவரே பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917இல் இந்திய தேசியக் காங்கிரஸின் தலைவராகி, 1933இல் அடையாற்றிலேயே மறைந்த அன்னி பெசன்ட் அம்மையார்.

அக்கட்டுரை வெளிவந்த சில நாள்களில், ஜூலைத் தொடக்கத்தில், ஏறத்தாழ 1,400 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தனர். இரண்டு வாரத்திற்குள் நிர்வாகம் பணிந்தது, தண்டங்கள் நீக்கப்பட்டன, பெண்கள் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தனர்.

அப்போராட்டக் குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் சாரா சாப்மன். 1862இல் பிறந்த ஏழைத் தொழிலாளியின் மகள். அவருடைய தாயாரும் தமக்கையும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். 1891இல் மரச்சாமான் செய்யும் தொழிலாளி ஒருவரை மணந்து, ஆறு பிள்ளைகளைப் பெற்று, 1945இல் மறைந்தார். அவரை அடக்கம் செய்த குழியில் வேறு பலரும் அடக்கம் செய்யப்பட்டனர். மேலே பெயர் பொறித்த கல் ஏதும் இல்லை. அவரது வாழ்வைப் பற்றி உலகம் அறிந்திருக்கவில்லை.

அந்த வாழ்வை வெளிக்கொணர்ந்தவர் அவருடைய கொள்ளுப்பேத்தி. தம் குடும்பத்தின் வேர்களைத் தேடிய அப்பெண்மணி, தம் கொள்ளுப்பாட்டி தீக்குச்சித் தொழிலாளி என்பதையும், போராட்டத்தை நடத்திய பெண்களில் ஒருவர் என்பதையும் அறிந்தார். கல்லறை இருந்த இடத்தையும் தேடிக் கண்டார். அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, ஊரறியச் சொன்னார். 2022ஆம் ஆண்டில் அந்தப் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில், போராடிய பெண்களின் நினைவாக நீலநிற நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

எழுதி வைத்த நாடும் கூட்டி வைத்த நாடும்

ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்வை நூறாண்டுகளுக்குப் பின்னர் எவ்வாறு கண்டறிய முடிந்தது? இங்கிலாந்தில் பிறப்பும் திருமணமும் இறப்பும் 1837 ஜூலை முதல் அரசுப் பதிவேட்டில் ஏறின. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள் கணக்கில், ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவர்களின் பெயர், வயது, தொழில் ஆகியவை எழுதப்பட்டன. அந்த ஏடுகள் பாதுகாக்கப்பட்டு, நூறாண்டு கழிந்தபின் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் வெளியாயிற்று. இவை தவிர, 1888 போராட்டத்தின்போது உதவிப் பணம் பெற்ற பெண்களின் பெயரும் முகவரியும் கூலியும் எழுதிய பதிவேடு ஒன்றும் இலண்டனில் காக்கப்பட்டு வருகிறது. பசித்தவர்களுக்குக் காசு கொடுக்க எழுதிய பட்டியல், பேரப்பிள்ளைகளுக்கு வரலாறாகி விட்டது.

நம் நாட்டிலும் அதே பணி நடந்தது. 1881 பிப்ரவரி 17ஆம் நாள் இந்தியா முழுவதும் மக்கள் கணக்கு எடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது. ஆட்சியாளர் ஒருவரே. ஆனால், அங்கே பெயர்கள் காக்கப்பட்டன. இங்கே நமக்குக் கிடைப்பவை கூட்டுத்தொகைகளே. எந்தத் தாலுகாவில் எத்தனை முஸ்லிம்கள், எத்தனை நெசவாளர்கள் என்பதை அறியலாம். எந்த வீட்டில் எந்த ஆமினா இருந்தார் என்பதை அறிய இயலாது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டமும், தனி மனிதரின் விவரங்களை எவரும் பார்வையிடலாகாது என்றே விதித்திருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. எனினும் குடும்பத்தைத் தேடுபவனுக்கு அந்தக் கதவு அடைபட்டதே.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். எல்லாம் எழுதிவைத்ததாகச் சொல்லப்படும் இங்கிலாந்திலும் ஒரு கட்டம் பல வேளைகளில் வெறுமையாகவே விடப்பட்டது. அது மணமான பெண்களின் தொழிலுக்குரிய கட்டம். கிழக்கு இலண்டனில் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் வீட்டிலேயே பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு தீப்பெட்டி செய்தனர். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி செய்தால் இரண்டே கால் பென்னி கிடைக்கும். பசைக்கும் கட்டும் நூலுக்கும் அவர்களே செலவு செய்ய வேண்டும். இப்படி உழைத்தவர்களில் எத்தனையோ பேர், கணக்கெடுப்பு ஏட்டில் தொழிலே இல்லாதவர்களாக நிற்கிறார்கள்.

இதைப் படித்த வேளையில் எனக்கு நன்னியின் நினைவு வந்தது. இலண்டன் தாயின் மடியிலும் நன்னியின் மடியிலும் இருந்தது ஒரே பெட்டி. இருவருக்கும் எதிரே இருந்தது ஒரே வெற்றுக் கட்டம்.

கரிசல் மண்ணில் தீப்பெட்டி

விருதுநகர் வட்டாரம் மழை குறைந்த மண். பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் வணிகத்தால் ஊர் வளர்ந்தது. ஆனால் வானம் பொய்த்தால் கூலிக்காரருக்கு வேலை இல்லை. விருதுபட்டி என்ற பெயர் விருதுநகர் என மாறிய 1923ஆம் ஆண்டை ஒட்டியே, அண்டை ஊரான சிவகாசியில் புதிய தொழில் ஒன்று வேரூன்றியது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அடுத்த ஆண்டில் தொழில் தொடங்கியது. நச்சுத்தன்மை கொண்ட வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை இந்திய அரசு 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் முன்னரே விலக்கியிருந்ததால், இலண்டன் பெண்களைத் தின்ற தாடை நோயை நம் பெண்கள் அறியவில்லை. அந்த அளவில் நாம் பாக்கியம் பெற்றவர்கள்.

ஆனால் கைவேலையின் சுமை இங்கும் பெண்கள்மீதும் குழந்தைகள்மீதுமே விழுந்தது. குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவதும், மருந்தில் முக்கிய குச்சிகளைப் பெட்டியில் அடைப்பதும், லேபிள் ஒட்டுவதும் அவர்கள் வேலை. பெட்டி ஒட்டும் வேலை தொழிற்சாலையின் வாசலைத் தாண்டி வீடுகளுக்குள் வந்தது. ஏஜெண்டு கொண்டுவந்து தரும் மெல்லிய மரப்பட்டையை மடித்து, தாளைச் சுற்றிப் பசை தடவி ஒட்டி, வெயிலில் காயவைத்துக் குரோஸ் கணக்கில் திருப்பித் தர வேண்டும். வெளியே சென்று வேலை செய்ய இயலாத கோஷாப் பெண்களுக்கும், கணவனை இழந்தவர்களுக்கும், கைக்குழந்தைக்காரிகளுக்கும் அது அடுப்பெரிய வழி செய்தது. அதே வேலைதான் ஆறு வயதுப் பிள்ளையின் விரலையும் பசையில் தோய வைத்தது.

இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மறைத்து மற்றதைப் பாடுவது வரலாறாகாது. குழந்தை உழைப்பைத் தடுக்கும் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. என் தாயாரின் பள்ளிப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றதற்கு, இந்தச் சட்டங்களெல்லாம் ஐம்பது ஆண்டு தாமதமாக வந்தவையே.

தஃப்தரும் ஏஜெண்டு நோட்டும்

அப்படியானால் நம் உழைப்பாளி முன்னோரைத் தேட வழியே இல்லையா? உண்டு. நம்மிடம் இருக்கும் ஏடுகளின் மதிப்பை நாமே அறியாதிருக்கிறோம்.

முதலாவது, பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தர். மணமகன் பெயர், அவர் தந்தை பெயர், மணமகள் பெயர், வலீ, வக்கீல், சாட்சிகள், மஹர் தொகை, நாள் ஆகியவை அதில் எழுதப்படுகின்றன. ஏழைக்கும் செல்வந்தருக்கும் அதில் ஒரே அளவு இடம்தான். பெண்ணின் பெயரும் அவருக்குரிய மஹரும் எழுதப்படாமல் நிக்காஹ் பதிவாவதில்லை என்பதால், வேறெங்கும் காணாத பெண்களை அங்கே காணலாம். பழைய தஃப்தர்கள் சில அரபுத் தமிழில் இருக்கும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆலிம்கள் இன்று அருகி வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே படித்துப் படியெடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பிறப்பு இறப்புப் பதிவேடு. சென்னை மாகாணத்தில் இதற்கென 1899இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மூன்றாவது, சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரங்கள். அரைக் குழி மனையை அடகு வைத்தவரும் அதில் தம் பெயரோடும் தந்தை பெயரோடும் நிற்பார். நான்காவது, பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. தேடுபவர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை, அதன்பின் இராமநாதபுரம் மாவட்டம், 1985 முதல்தான் விருதுநகர் தனி மாவட்டம். பழைய தாள் எந்தத் தலைப்பின்கீழ் இருக்கும் என்பது ஆண்டைப் பொறுத்தது.

நான் முதலில் தஃப்தரைத் தேடினேன். 1934ஆம் ஆண்டுப் பக்கத்தில் நன்னியின் நிக்காஹ் இருந்தது. மணமகனின் பெயரை ஒட்டி ‘மண்டி எடைக்காரர்’ என்று எழுதியிருந்தது. மார்க்க மேதையின் வழித்தோன்றல் என்று நாங்கள் கேட்டு வளர்ந்த என் பாட்டனார், பருத்தி மண்டியில் தராசு பிடித்தவர். சாட்சிகளில் ஒருவர் நன்னியின் உடன்பிறந்த அண்ணன் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் அருப்புக்கோட்டையில் இருக்கிறார்கள். எழுபது ஆண்டுகளாக அறுந்து கிடந்த உறவு, ஒரு வரி எழுத்தால் மீண்டும் இணைந்தது. உறவைச் சேர்ந்து வாழ்வதை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்து, சின்னம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து பழுப்பேறிய சிறு நோட்டு ஒன்று கிடைத்தது. பெட்டி கொடுத்த கணக்கை ஏஜெண்டு எழுதித் தந்த நோட்டு, 1948இல் தொடங்குகிறது. அதற்குள் பாட்டனார் மௌத்தாகி நான்கு பிள்ளைகளோடு நன்னி தனித்து நின்ற காலம். நோட்டின் மேல் நன்னியின் பெயர் இல்லை. பன்னிரண்டு வயதான என் பெரிய மாமுவின் பெயர் இருந்தது. ஒட்டியவர் தாய், கணக்கு மகனுக்கு. வெளி ஆணிடம் பெயர் சொல்லக் கூசிய காலம் அது. இலண்டனின் வெற்றுக் கட்டம் இங்கே வேறொருவர் பெயரால் நிரப்பப்பட்டிருந்தது, அவ்வளவே வேறுபாடு.

உள்ளே ஒவ்வொரு நாளும் ஒரு வரி. இன்று நான்கு குரோஸ், மறுநாள் ஐந்து, ரமலானில் மூன்று, பெருநாளை ஒட்டிய வாரத்தில் ஏழு. பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்க வேண்டும் என்பதற்காக இரவெல்லாம் சிம்னி விளக்கில் ஒட்டினார்களாம். 1951ஆம் ஆண்டில் ஓரிடத்தில் ஒன்பது நாள் எழுத்தே இல்லை. பத்தாம் நாள் இரண்டு குரோஸ்.

அந்த ஒன்பது நாளைச் சின்னம்மாவிடம் கேட்டேன். நோட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘தம்பி மௌத்தானான்’ என்றார். கடைக்குட்டி, காய்ச்சலில் போனவன். இறப்புப் பதிவேட்டில் தேடினேன். அந்த நாளும் வயதும் ஒத்திருந்தன. கொடிவழியில் நாங்கள் மூன்று பிள்ளைகளையே எழுதியிருந்தோம். நான்காமவனை, பெட்டி ஒட்டாத ஒன்பது நாள்களே எங்களுக்குக் காட்டிக் கொடுத்தன. பத்தாம் நாள் அந்தத் தாய் மீண்டும் பசைக் கிண்ணத்தின் முன் அமர்ந்த செய்தியும் அதே நோட்டில்தான் இருக்கிறது. மீதிப் பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே.

தொழில் இழிவன்று

இதையா மறைக்க வேண்டும்? நம் முன்னோர் தொழிலை மறைத்தவர்கள் அல்லர். பெயரிலேயே சேர்த்து வைத்தவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் வக்ஃபுச் சட்டத்தைப் பற்றி நூல் எழுதிய ஹனஃபி மேதையை உலகம் ‘அல்கஸ்ஸாஃப்’ என்றே அழைக்கிறது. செருப்புத் தைப்பவர் என்பது அதன் பொருள். ‘அல்ஜஸ்ஸாஸ்’ என்ற சட்ட மேதையின் பெயருக்குச் சுண்ணச் சாந்து பூசுபவர் என்று பொருள். நஜ்ஜார் தச்சர், ஹல்லாஜ் பஞ்சு கொட்டுபவர், கய்யாம் கூடாரம் தைப்பவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மறைந்த ஸம்ஆனீ, ‘கிதாபுல் அன்ஸாப்’ என்னும் பெருநூலில் இத்தகைய அடைமொழிகளை அகரவரிசையில் தொகுத்தார். அதில் ஊரால் பெயர் பெற்றவர்களோடு தொழிலால் பெயர் பெற்றவர்களும் சமமாக நிற்கின்றனர். கொடிவழிக் கலையை வளர்த்த சமுதாயம் செருப்புத் தைத்தவரை நீக்கிவிட்டு அதை வளர்க்கவில்லை.

மரக்கலம் ஏறி வந்த வணிகர் உண்மையாகவே இருந்திருக்கலாம். அவரைப் போற்றுவதில் குற்றமில்லை. ஆனால், இன்று நாம் உண்ணும் சோற்றுக்கும் படித்த படிப்புக்கும் அடித்தளம் இட்டவர் அவர் அல்லர். அந்த அடித்தளம், தராசு பிடித்த தோளாலும் பசை காய்ந்த விரலாலும் இடப்பட்டது. அதைச் சொல்லாத பிள்ளைகள், இன்று அதே நிலையில் உழைக்கும் அண்டை வீட்டுப் பெண்ணைத் தம்மினும் தாழ்ந்தவராகக் கருதத் தொடங்குவார்கள். மறைத்தலின் உண்மையான கேடு அதுவே.

எனவே, வாசகக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பது வயது கடந்த நன்னியோ பெரியம்மாவோ இருப்பார்களானால், இந்த வெள்ளிக்கிழமையே ஜும்ஆவுக்குப் பின் ஒரு நோட்டோடு அவர்கள் அருகில் அமருங்கள். எந்த ஆண்டு, யாருக்கு மகள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன வேலை செய்தீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு, பணம் யார் கைக்கு வந்தது, நீங்கள் வேலை செய்யும்போது தொட்டில் பிள்ளையை யார் பார்த்தார்கள், எந்தப் பிள்ளை தவறிப்போயிற்று என்று கேளுங்கள். பிறகு தஃப்தரையும் பதிவேட்டையும் தேடுங்கள். ஏடுகள் நாளையும் இருக்கக்கூடும். சொல்பவர்கள் இருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை.

நன்னி விருதுநகர் மையவாடியில் அடங்கியிருக்கிறார். நம் வழக்கப்படி அங்கே பெயர்க்கல் இல்லை. அதனால் குறையும் இல்லை. எங்கள் கொடிவழி சென்ற ஆண்டு அச்சாகி வந்தது. அதில் நான்காவது பிள்ளையின் பெயர் சேர்ந்திருக்கிறது. நன்னியின் பெயருக்கு எதிரே, ‘தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர்’ என்று இருக்கிறது. அந்த வரியை எழுதக் கூடாது என்று முதலில் சொன்ன உறவினரே, தம் பேரனுக்கு அதை விரல் வைத்துப் படித்துக் காட்டியதை நான் கண்டேன்.